பங்கில் கிறிஸ்துமஸ் அரிசிக்குப் பதிலாக மனு எழுதும் மேசை போடலாமா?

புளியந்தோப்பு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தருமபுரி மாவட்டத்தில் ஒரு கத்தோலிக்கப் பங்கில் (ஒரு பாதிரியார் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரம்) பங்குப்பேரவை, அதாவது ஆலோசனைக் குழு உறுப்பினராக இருக்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். இங்கே எங்கள் ஊர்க்காரர்கள் நாலைந்து பேர் உலவுவது எனக்குத் தெரியும்.

ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் சுற்றுவட்டார ஏழைக் குடும்பங்களுக்கு அரிசியும் ஒரு சேலையும் கொடுப்பது எங்கள் வழக்கம். மதம் பார்ப்பதில்லை. மேடை உண்டு, பேனர் உண்டு, உள்ளூர்ப் பிரமுகர்கள் வந்து ஆளுக்கு ஒரு பையைத் தொட்டுக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதும் உண்டு. இந்த வருடம் இளையோர் குழு ஒரு யோசனையோடு வந்தது. அரிசிப் பணத்தில் பாதியை எடுத்து, ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் வளாகத்தில் ஒரு மேசை போடலாம். ஒரு லேப்டாப், ஒரு பிரிண்டர், விவரம் தெரிந்த இரண்டு பேர் இருந்தால் போதும் என்றார்கள். முதியோர் உதவித்தொகை, சாதிச் சான்றிதழ், நலவாரியப் பதிவு, பட்டா மாறுதல் என்று எது வந்தாலும் மனு எழுதிக் கொடுத்து, அது முடியும் வரை கூடவே போவதுதான் திட்டம்.

பேரவையில் பெரிய வாக்குவாதம். "இது கோவில் வேலையா, கட்சி வேலையா?" என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டார். பங்குத்தந்தை இரண்டு பக்கமும் தலையாட்டினார். அவருக்கு மே மாதம் மாற்றல், போகிற நேரத்தில் யாரைப் பகைத்துக்கொள்வார்? முடிவெடுக்காமலே ஜெபம் சொல்லிக் கலைந்தோம்.

நான் மேசைப் பக்கம். உங்கள் ஊர்ச் சபைகளில் இப்படி ஏதாவது நடக்கிறதா? நடந்து நின்றுபோயிருந்தால் ஏன் நின்றது?

---

கதிர்_காவேரிப்பட்டணம்

மேசை போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் அரிசிக் காசில் கை வைக்காதீர்கள். முதலில் கோபப்படப் போவது அந்தப் பெரியவர் அல்ல, வருடா வருடம் வாங்குகிற பாட்டிகள்தான். பசிக்கிறவனுக்கு மனு எழுதிக் கொடுத்தால் அவன் எதைச் சாப்பிடுவான்?

---

பாலக்கோடு_பஸ்

கதிர், ரேஷனில் அரிசி இலவசமாக வருகிறது. நம் மாவட்டத்தில் இன்று ஏழை வீட்டில் இல்லாதது கையில் காசு. அதைத் தருவது மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகை. பத்து கிலோ அரிசி எத்தனை நாளைக்கு வரும்? உதவித்தொகை வருடத்துக்கு 14,400 ரூபாய்.

எங்கள் தெருவில் ஒரு அம்மா புளி தட்டும் வேலைக்குப் போவார். மண்டியில் உட்கார்ந்து ஓடு நீக்கி, நார் உரித்து, கொட்டை எடுக்கிற வேலை. சீசன் முழுக்க அதே கை, அதே புளிப்பு. விரல் நுனி வழவழவென்று தேய்ந்துபோய்விட்டது. உதவித்தொகை அனுமதியாகி வங்கிக்கு வந்த பணத்தை, ஊருக்கு மிஷினோடு வரும் ஆளிடம் கைரேகை வைத்து எடுக்க வேண்டும். மிஷின் ரேகையை ஏற்கவில்லை. அவரும் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைத்துப் பார்ப்பார். "அடுத்த மாசம் வாம்மா" என்று அனுப்பிவிடுவார்கள். பணம் கணக்கில் கிடக்கிறது, கைக்கு வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுப் பையன் ஒருவன் வங்கிக் கிளைக்கே கூட்டிப்போய்ப் பேசி, பாஸ்புக்கை வைத்துப் பணம் எடுத்துக் கொடுத்தான். அரை நாள் வேலை, அவ்வளவுதான். ஆனால் கூட வர ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளாக உங்கள் இளையோர் இருப்பார்கள் என்றால் அரிசியை எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

---

லூத்தரன்_தெரு

"கோவில் வேலையா?" என்ற கேள்விக்குக் கிருஷ்ணகிரியில் நூறு வருடத்துக்கு முன்பே பதில் சொல்லியாகிவிட்டது. மிசௌரி லூத்தரன் மிஷன் இந்தியாவில் முதலில் கால் வைத்த இடம் எங்கள் கிருஷ்ணகிரிதான், 1895 வாக்கில். இன்றைய ஐஇஎல்சி (இந்திய சுவிசேஷ லூத்தரன் திருச்சபை) சபையின் தொடக்கம் அது. முதலில் வந்த நேதர் ஐயர் 1904-இல் பிளேக் நோயில் இறந்தார். ஊரே நோய்க்குப் பயந்து காலி செய்துகொண்டு ஓடிய காலம் அது.

அவர்கள் கோவிலோடு கோவிலாகப் பள்ளிக்கூடமும் வைத்தார்கள். வேறு இடத்தில் திண்ணைக்குக் கீழே நிறுத்தப்பட்ட பிள்ளைகள் உள்ளே வந்து உட்கார்ந்தார்கள். அதற்கு அப்போது யாரும் சமூக நீதி என்று பெயர் வைக்கவில்லை. ஆனால் ஊரில் அதனால் வந்த பகை பெரிய பகை.

இன்று எந்தச் சபையை எடுத்தாலும் கமிட்டியின் நேரம் நிலத்துக்கும் தேர்தலுக்கும் வழக்குக்குமே போய்விடுகிறது. பள்ளியோ, ஆங்கில வழிக் கட்டணப் பள்ளியாகிவிட்டது. அதனால் உங்கள் இளையோர் புதிதாக எதையும் கேட்கவில்லை என்று அந்தப் பெரியவரிடம் சொல்லுங்கள்.

---

சிவப்புத்துண்டு_அரூர்

நான் விசுவாசி இல்லை, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கேலி செய்யவும் வரவில்லை.

எங்கள் பக்கம் நீதி என்றால் வாச்சாத்திதான். 1992 ஜூன் 20. சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் சித்தேரி மலையடிவாரத்து ஊருக்குள் புகுந்தார்கள். வீடுகளை உடைத்தார்கள், கிணற்றில் எண்ணெயைக் கொட்டினார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். ஊரையே சிறையில் அடைத்தார்கள். விஷயத்தை வெளியே கொண்டுவந்தது மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும். வழக்கு சிபிஐ கைக்குப் போவதற்கே உயர் நீதிமன்றம் வரை நடக்க வேண்டியிருந்தது. குற்றம்சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்புச் சொல்வதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது தீர்ப்பு. அதை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-இல் உறுதி செய்தது. ஆக மொத்தம் 31 வருடம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், அந்தப் போராட்டமும் மனுவில்தான் தொடங்கியது. மனு எழுதுவது சுலபம். அந்த மனு ஒரு அதிகாரியைத் தொடும் நாள் ஒன்று வரும். ரேஞ்சரோ, இன்ஸ்பெக்டரோ, உங்கள் திருவிழாவுக்கு பந்தோபஸ்து கொடுக்கிறவரோ. அன்று பங்குத்தந்தை மேசையை எடுத்து உள்ளே வைக்கச் சொல்வாரா, நாற்காலி போட்டுப் பக்கத்தில் உட்காருவாரா? அதைப் பேரவையில் கேளுங்கள். வாச்சாத்திப் பெண்களுக்குத் துணையாக நின்றதில் எங்களுக்குப் பெருமை உண்டு. அந்த இடத்தில் சிலுவையைப் பார்த்த ஞாபகம் எனக்கு இல்லை.

---

கதிர்_காவேரிப்பட்டணம்

தோழர், எல்லாப் போராட்டத்திலும் பாதர் நிற்க வேண்டும் என்றால் பூசை யார் வைப்பது :)

---

சிவப்புத்துண்டு_அரூர்

வாரம் ஒரு பூசைதானே, மற்ற ஆறு நாள்?

---

பெத்தானியா

தோழருக்கு: தினமும் பூசை உண்டு. ஆனால் காலை ஏழு மணிக்கு முடிந்துவிடும், அதனால் உங்கள் கேள்வி அப்படியேதான் இருக்கிறது.

---

மலைமேல்_டீச்சர்

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைப் பக்கம் பணி. விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

அருட்சகோதரிகள் நடத்தும் ஒரு விடுதியில் தங்கி ஒன்பதாவது படித்த பெண். ஊர்த் திருவிழாவுக்குப் போனவள் திரும்பவில்லை. தாய்மாமனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள் என்று கூடப் படித்த பிள்ளை சொன்னாள். சிஸ்டர் 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கு அடித்தார். அதோடு விட்டுவிடாமல் மாவட்ட சமூக நல அலுவலகத்துக்கும் தகவல் கொடுத்தார். மாவட்ட சமூக நல அலுவலர்தான் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர், 2006 சட்டப்படி தடுக்கிற அதிகாரம் அங்கேதான் இருக்கிறது. ஜீப் போனது. 18 வயது வரை செய்ய மாட்டோம் என்று வீட்டில் எழுதி வாங்கினார்கள். பெண் விடுதிக்குத் திரும்பி வந்தாள்.

பத்திரிகைச் செய்தி என்றால் இதோடு முடிந்துவிடும். அப்புறம் நடந்ததுதான் விஷயம். அடுத்த ஜூனில் அந்த ஊரிலிருந்து ஒரு பெண் பிள்ளைகூட விடுதிக்கு வரவில்லை. "அங்கே அனுப்பினா போலீஸ் வரும்" என்ற பேச்சு மலை முழுக்கப் பரவிவிட்டது. சிஸ்டர் அதற்காக அந்த ஊருக்கு மாதக்கணக்கில் நடந்தார். பேச்சே எடுக்காமல் களத்தில் ராகி அடிக்கிற இடத்தில் போய் உட்காருவார், காய்ச்சல் மாத்திரை கொடுப்பார், வருவார். கொஞ்சம் கொஞ்சமாகத்தான் மறுபடி பிள்ளைகள் வந்தார்கள். முன்பு இருந்த அளவுக்கு இன்னும் இல்லை.

புளியந்தோப்பு, மேசைக்கு வருகிற எல்லா மனுவும் உங்களுக்குப் பிடித்த மனுவாக இருக்காது. சில நேரம் உங்களிடம் அரிசி வாங்கியவருக்கு எதிராகவே ஒரு மனு எழுத வேண்டியிருக்கும். அன்றைக்கு அவர் அடுத்த வருடம் வருவாரா என்று யோசித்தால் ஒன்றும் எழுத முடியாது.

---

ஓசூர்_ஷிப்ட்

நான் இந்து. ஓசூரில் கம்பெனி வேலை, சொந்த ஊர் தளி பக்கம். என் அம்மாவுக்கு இரண்டு பிரசவம் சிஸ்டர்கள் நடத்திய ஆஸ்பத்திரியில்தான். நன்றி உண்டு. அதனால்தான் வெளிப்படையாகச் சொல்கிறேன்: மேசையில் வசனம் எழுதிய போர்டு வைக்காதீர்கள். மனு வாங்குவதற்கு முன் ஜெபம் வேண்டாம். நோட்டில் "மதம்" என்று ஒரு கட்டம் போடவே போடாதீர்கள். இதில் ஒன்று இருந்தாலும் மதம் மாற்றுகிறார்கள் என்று வாட்ஸப்பில் போட ஒரு போட்டோ போதும். மாட்டிக்கொள்வது நீங்கள் மட்டும் அல்ல, உங்களிடம் மனு எழுத வந்த என் சித்தப்பாவும்தான்.

மதம் இல்லாமலே பெரிய வேலை நடந்திருக்கிறது என்பதும் ஞாபகம் இருக்கட்டும். சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ரெஜி, லலிதா என்ற டாக்டர் தம்பதி 1993-இல் ஒரு கூரைக் கொட்டகையில் தொடங்கிய பழங்குடி மருத்துவமனையைப் பாருங்கள். உள்ளூர்ப் பெண்களையே பயிற்சி கொடுத்து சுகாதாரப் பணியாளர் ஆக்கினார்கள்.

---

பெத்தானியா

சிட்லிங்கி சரி. ஆனால் மதம் இருந்தாலே கெடும் என்றும் இல்லை. கிருஷ்ணகிரி பக்கம் கமில்லியன் என்ற கத்தோலிக்கச் சபைத் துறவிகள் நடத்தும் சினேககிராமில் எச்ஐவியோடு பிறந்த பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள். அவர்கள் மாரத்தான் ஓடுகிறார்கள். சொந்தங்களே தொடப் பயந்த பிள்ளைகள். யாரும் அவர்களிடம் எந்தச் சாமி என்று கேட்டுச் சேர்த்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

---

கணக்குப்பிள்ளை

ஒரு தொண்டு நிறுவனத்தில் கணக்கு பார்த்தவன் என்ற முறையில் ஒன்று. பழைய காலத்து மறைமாவட்ட (பிஷப் நிர்வாக) சமூகப் பணி என்றால் வெளிநாட்டு நிதி, ஜீப், களப்பணியாளர் என்று இருக்கும். 2020 செப்டம்பரில் எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தைத் திருத்திய பிறகு அந்த வழி குறுகிவிட்டது. வெளிநாட்டுப் பணம் டெல்லியில் ஸ்டேட் வங்கியின் ஒரே ஒரு கிளையில்தான் முதலில் இறங்க வேண்டும். நிர்வாகச் செலவு 50 சதவீதத்திலிருந்து 20 சதவீதமானது. எல்லாவற்றையும்விடப் பெரிய அடி, வாங்கிய நிதியை இன்னொரு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்பது. பெரிய அமைப்பு வாங்கி, சின்னச் சின்ன ஊர் அமைப்புகளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதான் இதுவரை நடைமுறை. அது அறுந்துபோனதில் களப்பணியாளர்கள் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனார்கள்.

உங்கள் மேசைக்கு இந்தத் தலைவலி எதுவும் இல்லை. உண்டியல் காசு, உள்ளூர்க் காசு. செலவும் பெரிதில்லை: பேப்பர், மை, இ-சேவைக் கட்டணம். ஆகவே அரிசிப் பணத்தில் பாதி என்ற பேச்சே தேவையில்லை. உங்களுக்குக் குறையப்போவது பணம் இல்லை. ஆறு மாதம் கழித்தும் ஞாயிற்றுக்கிழமை அங்கே உட்காரப் போகிற ஆள்.

---

வடக்குத்_தெரு

எல்லாரும் வெளியே செய்கிற நீதியைப் பேசுகிறீர்கள். உள்ளே?

நான் தலித் கிறிஸ்தவன். எங்கள் பங்கில் திருவிழாத் தேர் எங்கள் தெரு முனையோடு திரும்பிவிடும். கேட்டால் தெரு குறுகல், கரண்டு கம்பி தாழ்வு என்பார்கள். அதே தெருவில் கரும்பு லாரி வருகிறது. கல்லறையில் எங்களுக்கு ஒரு ஓரம். அரிசி கொடுக்கும் மேடையில் என் அப்பா எத்தனையோ வருடம் மூட்டை இறக்கினார், ஒருநாளும் நாற்காலியில் உட்காரவில்லை. இந்திய ஆயர் (பிஷப்) பேரவை 2016-இல் தலித் கிறிஸ்தவர்களுக்கென்று கொள்கை அறிக்கையே வெளியிட்டு, திருச்சபைக்குள் தீண்டாமை பாவம் என்று ஒத்துக்கொண்டது. அந்த அறிக்கை எங்கள் ஊர் வரை பஸ் ஏறவில்லை.

இப்போது உங்கள் மேசைக்கு வருகிறேன். முதல் நாளே என் போன்ற ஒருவன் வந்து சாதிச் சான்றிதழ் மனு கேட்பான். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து அல்லாதவர் பட்டியல் சாதி இல்லை. 1956-இல் சீக்கியரைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தரைச் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் நாங்கள் பிற்படுத்தப்பட்டோர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் எங்களுக்கு இல்லை. அடிப்பவன் எந்த மதம் என்று பார்த்தா அடிக்கிறான்? எங்களையும் சேர்க்கலாமா என்று பார்க்க 2022-இல் பாலகிருஷ்ணன் ஆணையம் போட்டார்கள், சேர்க்கச் சொல்லி 2023 ஏப்ரலில் சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேற்றினார்கள், நாங்கள் அந்த 1950 ஆணை வந்த ஆகஸ்ட் 10 தோறும் கறுப்புக் கொடி கட்டுகிறோம்.

அதனால் பல வீட்டில் இரண்டு பெயர். ஞானஸ்நான ஏட்டில் ஆரோக்கியசாமி, பள்ளிக்கூடத்தில் முருகன். உங்கள் மேசையில் உட்காருகிற தம்பி எந்தப் பெயரில் மனு எழுதுவார்? ஞானஸ்நானச் சான்று கொடுக்கிற அதே வளாகத்தில்? இதை யோசித்துவிட்டு மேசை போடுங்கள். இதற்குப் பயந்து போடாமலும் இருக்காதீர்கள்.

---

புளியந்தோப்பு

வடக்குத்_தெரு, தேர் விஷயம் எங்கள் பங்கிலும் இருக்கிறது. எங்கள் பக்கம் காரணம் கரண்டு கம்பி இல்லை, சாக்கடை. பெயர் விஷயத்தை இளையோரிடம் காட்டினேன். மேசையில் யார் உட்காருவது என்ற பட்டியலில் காலனிப் பக்கத்திலிருந்து ஒருவர்கூட இல்லை என்பதை அதன் பிறகுதான் பார்த்தார்கள். இப்போது இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள். ஒருவர் சட்டக் கல்லூரி மாணவி. எந்தப் பெயரில் எழுதுவது என்பதை வருகிறவரே முடிவு செய்யட்டும், நாம் அறிவுரை சொல்ல வேண்டாம், அதன் விளைவை மட்டும் சொல்லிவிடுவோம் என்கிறார் அவர். எனக்குச் சரியாகப்படுகிறது.

---

வடக்குத்_தெரு

முதலில் தேர். அப்புறம் பேசுவோம். (அந்த மாணவிக்கு என் வாழ்த்து.)

---

பென்னாகரம்_தண்ணி

இடையில் ஒரு சின்ன விஷயம். மேசை போட்டால் தண்ணீரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013-இல் வந்தபின் எல்லாம் தீர்ந்துவிட்டது என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். ஆற்றுத் தண்ணீர் குறைகிற நாளில் எங்கள் ஊர்த் தொட்டியில் போர்வெல் தண்ணீரும் சேர்ந்துதான் இறங்குகிறது. போர்வெல் தண்ணீரில் இருக்கும் ஃபுளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் தாண்டக் கூடாது. பிள்ளைகளின் பல்லில் காவிக் கறையைப் பார்த்தாலே எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர் என்று சொல்லிவிடலாம். ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வாரிய ஆய்வகத்தில் கொடுத்து, வருகிற அறிக்கையை மனுவோடு இணைத்தால் அதற்குத் தனி மதிப்பு. வெறும் "தண்ணீர் சரியில்லை ஐயா" என்றால் படிக்கவே மாட்டார்கள்.

---

மட்டுறுத்துநர்

மதமாற்றம் குறித்து நடந்த தனிநபர் வசவுகள் அடங்கிய சில பதிவுகளை நீக்கியிருக்கிறேன். இழை நன்றாகப் போகிறது, கெடுக்க வேண்டாம்.

---

புளியந்தோப்பு

நேற்று மறுபடி பேரவை கூடியது. நடந்ததைச் சொல்கிறேன்.

அரிசி தொடரும். மேடை, பேனர், போட்டோ கிடையாது. அன்பியம் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு) வாரியாகப் பெயர் எடுத்து வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுப்பது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, நம்புவீர்களா? மேடையே இல்லை என்றால் நன்கொடை தருகிறவர்கள் தரமாட்டார்களாம். தராவிட்டால் போகட்டும் என்று ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையின் தலைவர் சொன்னதும் அடங்கியது.

மேசைக்கு அனுமதி கிடைத்தது, ஆனால் கோவில் வளாகத்துக்குள் இல்லை. பள்ளிக்கூட வராந்தாவில். "கோவில் பெயர் வேண்டாம், பங்கு இளையோர் என்று மட்டும் போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் பங்குத்தந்தை. சிவப்புத்துண்டு தோழர் கேட்டதை அப்படியே கேட்டேன்: அதிகாரி கோபப்பட்டால் கூட உட்காருவீர்களா என்று. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் இருக்கும் வரை உட்காருகிறேன், அடுத்து வருகிறவருக்காக நான் வாக்குக் கொடுக்க முடியாது" என்றார். மினிட்ஸில் எழுதச் சொன்னேன். எழுதவில்லை.

தேர் பற்றிய தீர்மானம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைப்பு. எதிர்பார்த்ததுதான். சாக்கடை மூடப் பேரூராட்சிக்கு ஒரு மனு எழுதலாம் என்று அந்தச் சட்டக் கல்லூரி மாணவி சொன்னார். மேசையின் முதல் மனு அதுவாக இருக்கும்போல. சாக்கடை மூடிய பின் என்ன காரணம் சொல்கிறார்கள் பார்க்கலாம்.

இப்போது நடைமுறைக் கேள்வி: முதல் ஞாயிறுக்கு வருகிறவர்களிடம் என்ன கொண்டுவரச் சொல்வது?

---

கணக்குப்பிள்ளை

ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் மூன்றும் அசல். இரண்டு போட்டோ. கட்டட வேலைக்கு பெங்களூரு போகிறவர்கள் இருந்தால் நலவாரியப் பதிவு அட்டை, புதுப்பித்த தேதியோடு.

---

பாலக்கோடு_பஸ்

முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். பாதிப் பேருக்கு திருப்பூரில் வேலை செய்யும் மகனுடைய பழைய நம்பர் இருக்கும், ஓடிபி அங்கே போகும், அவன் ஷிப்டில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமை என்றால் தூக்கத்தில் இருப்பான். மனு ஒப்படைத்தால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகராதீர்கள், அந்தச் சீட்டை போட்டோ எடுத்து நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை குறைதீர்ப்பு நாளுக்குப் போவதென்றால் கலெக்டர் ஆபீஸ் வரிசை காலையிலேயே நீண்டுவிடும், ஒன்பதுக்குள் போய்விடுங்கள்.

---

சிவப்புத்துண்டு_அரூர்

அரூர் கோட்டத்துப் பழங்குடிச் சான்றிதழ் மனு எதுவும் வந்தால் எனக்குத் தனிமடல் போடுங்கள். அது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர்தான் கொடுக்க வேண்டும். தாசில்தார் ஆபீஸில் அலையவிட்டே ஒரு வருடத்தை ஓட்டிவிடுவார்கள். கூட வருகிறேன்.